டிவைசஸ் – வெஸ்ட்மின்ஸ்டர் 125 மைல் படகுப் போட்டி: கரையில் நிற்பதா, இறங்கித் துடுப்பு போடுவதா?

கரைவாசி

வணக்கம் நண்பர்களே. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வரும் ஈஸ்டருக்கு இந்தப் போட்டியில் இருவர் கயாக்கில், அதாவது இரண்டு பேர் துடுப்பு போடும் ஒடுங்கிய படகில், இறங்குகிறார். வில்ட்ஷயரில் டிவைசஸ் படகுத்துறையில் கிளம்பி, கால்வாய் வழியாக ரெடிங் வந்து, அங்கிருந்து தேம்ஸில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரைக்கும். ராத்திரியும் நிறுத்தாமல் ஓட்டுவார்களாம். கரையிலிருந்து சாப்பாடு, தண்ணீர், மாற்றுத் துணி கொடுக்க ஆள் வேண்டும், கார் ஓட்டத் தெரிந்தால் போதும், வருகிறாயா என்று கேட்கிறார்.

இரண்டு கேள்விகள். ஒன்று, இதில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை குளிரில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானா? இரண்டு, அடுத்த வருடம் நானே இறங்கலாமா என்று ஒரு ஆசை எட்டிப் பார்க்கிறது. அமைதியான தண்ணீரில் கயாக் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். சிரிக்காமல் பதில் சொல்லவும்.

இரட்டைத்துடுப்பு

சிரிக்கவில்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் போட்டி எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கரையில் நின்றாலும் ஒன்றும் விளங்காது. 125 மைல் என்பது சுமார் 200 கிலோமீட்டர். வழியில் 77 இடங்களில் படகிலிருந்து இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி தண்ணீரில் வைத்து ஏற வேண்டும். காரணம் லாக்குகள், அதாவது இரண்டு பக்கமும் கதவு வைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் தொட்டிகள். பெரிய படகுகள் அதற்குள் போய் நிற்கும். நாம் கரையோடு ஓடுவோம். இதைத்தான் போர்ட்டேஜ் என்கிறோம்.

முதல் 54 மைல் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். டிவைசஸிலிருந்து வூட்டன் ரிவர்ஸ் வரை ஏறக்குறைய 15 மைலுக்கு லாக்கே கிடையாது, அதுவரை எல்லோரும் உற்சாகமாகத்தான் போவார்கள். அதற்கப்புறம் ப்ரூஸ் சுரங்கம், 450 மீட்டருக்குச் சற்று அதிகம், உள்ளே கும்மிருட்டு, துடுப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். அதைத் தாண்டியதும் க்ராஃப்டனில் வரிசையாக ஒன்பது லாக். அங்கே பலர் ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்காமல் படகைத் தோளில் வைத்துக்கொண்டு மொத்தமாக ஓடிவிடுவார்கள். படகுப் போட்டிக்கு வந்தோமா ஓட்டப் போட்டிக்கு வந்தோமா என்று சந்தேகம் வருவது இங்கேதான்.

ரெடிங்கில் கால்வாய் தேம்ஸோடு சேர்கிறது. அங்கிருந்து டெடிங்டன் வரை ஆறு, லாக்குகளுக்கு நடுவே தூரம் அதிகம். டெடிங்டனுக்குக் கீழே கடலின் ஏற்ற இறக்கம் தேம்ஸுக்குள் வந்துவிடுகிறது, கடைசி 17 மைல் அதில்தான். மொத்தப் போட்டியையும் அந்த 17 மைல்தான் ஆட்டிவைக்கிறது. தண்ணீர் கடலை நோக்கி இறங்கும் நேரத்தில் டெடிங்டனைத் தாண்டினால் ஆறே உங்களை லண்டனுக்குத் தள்ளிக்கொண்டு போகும். தாமதமாகப் போனால் எதிர்த்து ஏறும் தண்ணீரில் சிக்குவீர்கள். அந்த நேரத்தில் உங்களைத் தண்ணீரில் இறங்கவே விட மாட்டார்கள், அடுத்த இறக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 12 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

அதனால் டெடிங்டனில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு ஜோடியும் கிளம்பும் நேரத்தை முடிவு செய்கிறது. மெதுவாக ஓட்டுகிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே, வேகமானவர்கள் மிகவும் தாமதமாக. உங்கள் நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மணி நேரத்தில் முடிப்பாய்?" என்பதைத்தான். அவருக்கே பதில் தெரியவில்லை என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

சும்மா_பார்வை

இரட்டைத்துடுப்பு அண்ணன் எழுதியதைப் படித்தால் எனக்கே கிளம்பலாம் போலிருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேடிக்கை பார்க்கும் விளையாட்டாக இது சுமார்தான். ஆளாளுக்கு வெவ்வேறு நேரத்தில் கிளம்புவதால் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. முதலில் வருகிறவர் முதலிடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மொத்த நேரத்தைக் கணக்கிட்டுத்தான் வெற்றி. ஒரு படகு வரும், இரண்டு பேர் சேறும் சகதியுமாக இறங்குவார்கள், ஓடுவார்கள், போய்விடுவார்கள். மொத்தமே அரை நிமிடம். மறுபடி பத்து நிமிடம் வாத்துகளைப் பார்க்கலாம்.

பார்ப்பதற்கென்றே ஒரு போட்டி வேண்டுமென்றால் ஸ்பெயினில் செல்லா ஆற்றுப் போட்டி. அரியோந்தாஸிலிருந்து ரிபதேசெயா வரை 20 கிலோமீட்டர்தான், ஆனால் ஆற்றின் ஓரமாகவே போகும் தண்டவாளத்தில் போட்டியோடு சேர்ந்து ஒரு ரயில் ஓடுகிறது. அதில் உட்கார்ந்தால் போதும், படகுகள் கூடவே வரும். அது வேடிக்கை. இது தவம்.

ஈரத்துணி_மூட்டை

சும்மா_பார்வை, நீங்கள் ஒரே இடத்தில் நின்று பார்த்திருப்பீர்கள் போல. சப்போர்ட் டீமில் இருந்தால் கதையே வேறு. நான் இந்தப் போட்டியில் துடுப்பைத் தொட்டதே இல்லை, ஆனால் கரை வேலை நிறையச் செய்திருக்கிறேன், எனவே கரைவாசிக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பகலில் வேலை சுலபம். அடுத்த லாக்குக்கு முன்னாடி போய் நில், அவர்கள் படகைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கூடவே ஓடு, வாயில் எதையாவது திணி, தண்ணீர்க் குழாய்ப் பையை மாற்று, காலிப் பையை வாங்கிக்கொள். நின்று சாப்பிட வைக்கக் கூடாது, நின்றால் உடம்பு ஆறிவிடும். மணிக்கு 60 கிராம் அளவுக்காவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். முதல் எட்டு மணி நேரம் எல்லாம் இறங்கும். அப்புறம் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அதனால் உப்பும் சூடுமாக ஏதாவது கட்டாயம் இருக்கட்டும், சூப், கஞ்சி மாதிரி மெல்ல வேண்டாத எதுவும். "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். இரண்டை நீட்டி, எது என்று கேளுங்கள்.

ராத்திரிதான் உங்கள் பரீட்சை. அந்தப் பக்கம் சாலைகள் குறுகல், லாக்குக்குப் போகும் பாதை பல இடங்களில் வயல் நடுவே, கார் நிறுத்தும் இடத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். இருபது குழுக்கள் ஒரே சந்துக்குள் காரை விட்டுக்கொண்டு நிற்கும். வீடுகளில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அங்கே போய் ஹாரன் அடித்தால் ஊரே சண்டைக்கு வரும், நியாயம்தான். எல்லா லாக்குக்கும் போக ஆசைப்படாதீர்கள். முன்கூட்டியே எந்தெந்த லாக் என்று முடிவு செய்து, இரண்டு காராகப் பிரித்து மாறி மாறிப் போங்கள். ஒரு காரில் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது, கண்டிப்பாக. துடுப்பு போடுகிறவன் தூக்கத்தில் படகைக் கவிழ்த்தால் நனைவான், நீங்கள் தூக்கத்தில் காரை ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. விடியலுக்கு முன்னால் அவர்கள் ஏதேதோ பேசுவார்கள். மரத்தை ஆள் என்பார்கள், ஆற்றில் சுவர் நிற்கிறது என்பார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள், உங்களையும் திட்டுவார்கள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நடுக்கம் நின்றுபோய், பேச்சு குழறி, துடுப்பு பிடிக்கும் கை இலக்கில்லாமல் போனால் அது களைப்பு இல்லை, உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைகிறது. அப்போது "இன்னும் கொஞ்சம்தான்" என்று உற்சாகப்படுத்துவது குற்றம். நிறுத்துங்கள், உலர்ந்த துணி, சூடு, அங்கே இருக்கும் அதிகாரியிடம் சொல்லுங்கள். துடுப்பு போட்டவர் இரண்டு மாதம் உங்களோடு பேசாமல் இருப்பார், பரவாயில்லை.

கரைவாசி

அக்கா, இதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டேன். நண்பரிடம் நேரம் கேட்டேன், "22 மணி, காற்று எதிரே அடித்தால் 24" என்றார். தைரியமாகத்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார், இதே போட்டியை நான்கு நாளாகப் பிரித்து ஓட்டும் பிரிவும் இருக்கிறதாமே? அது சுலபம் என்றால் நான் அதில் போகலாமே?

பழைய_துடுப்பு

நான்கு நாள் பிரிவு இருக்கிறது. தனி ஆள் கயாக்கும் இளையோர் ஜோடிகளும் அதில்தான் போகிறார்கள். முதல் நாள் நியூபரி வரை 34 மைல், அப்புறம் மார்லோ, மூன்றாம் நாள் டெடிங்டன் பக்கம், நான்காம் நாள் காலை இறக்கத்தோடு வெஸ்ட்மின்ஸ்டர்.

ஆனால் சொல்கிறேன், என்னைப் பொறுத்தவரை நிறுத்தாமல் ஓட்டுவதுதான் இந்தப் போட்டி. 1948இல் சாரணர் இளைஞர்கள் நூறு மணி நேரத்துக்குள் டிவைசஸிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் போய்க் காட்ட முடியுமா என்ற சவாலில் தொடங்கியது இது. 90 மணிக்குச் சற்றுக் குறைவாக முடித்தார்கள். அங்கிருந்து வந்த வழக்கம். படுத்துத் தூங்கி, எழுந்து, காலை உணவு சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓட்டுவது வேறொரு விளையாட்டு.

ஒற்றைப்படகு

வந்துவிட்டார் ஐயா! வருடா வருடம் யாராவது இதைச் சொல்வார்கள். நூறு மணி நேரச் சவாலில் அந்தச் சாரணர்கள் மட்டும் தூங்காமலா ஓட்டினார்கள்? 90 மணி என்பது நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. வழக்கம் என்று பார்த்தால் எங்கள் பிரிவுதான் பழைய வழக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தனிப் படகில் 34 மைல் முடித்து, கூடாரத்தில் படுத்து, காலையில் ஈர உடையை மறுபடி மாட்டிக்கொண்டு, வீங்கின மணிக்கட்டோடு இரண்டாம் நாள் படகில் உட்காருங்கள், அப்புறம் பேசலாம். ஜோடிப் படகில் ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் இழுப்பார். தனிப் படகில் யார் இழுப்பது? தவிர, ஓய்வு எடுத்துவிட்டு வருவதால் ஒவ்வொரு நாளும் எல்லோரும் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள். நிறுத்தாமல் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ராத்திரியில் அது போட்டியே இல்லை, பிழைத்துக் கிடப்பதுதான்.

கரைவாசி, எது சுலபம் என்று கேட்டீர்கள். இரண்டும் சுலபம் இல்லை, வலிக்கிற இடம்தான் வேறு.

பழைய_துடுப்பு

சாரணர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். மற்றதில் இல்லை. மாற மாட்டேன்.

வெயில்காயல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இருப்பது டெக்சாஸில். நீங்கள் 24 மணி நேரத்துக்கே இவ்வளவு சண்டை போடுகிறீர்கள். இங்கே டெக்சாஸ் வாட்டர் சஃபாரி என்று ஒன்று, 1963இலிருந்து நடக்கிறது. சான் மார்கோஸில் தொடங்கி சீட்ரிஃப்ட் கடற்கரை வரை 260 மைல், 100 மணி நேரம் கெடு. ஜூன் மாத வெயில். லாக் எதுவும் கிடையாது, ஆனால் ஆறு முழுக்க விழுந்த மரங்கள். சில இடங்களில் மரக்கட்டைகள் மலை மாதிரி அடைத்துக் கிடக்கும், அதைச் சுற்றிச் சேற்றிலும் முள்ளிலும் படகை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் ஆறு முடிந்தது என்று மூச்சு விடும்போது குடா வரும், எதிர்க்காற்றில் அலை எழும்பிக் கனூவை (கயாக் போல இன்னொரு வகைத் துடுப்புப் படகு) நிரப்பும். பரிசுப் பணம் கிடையாது, முடித்தவர்களுக்குத் துணியில் தைக்கிற ஒரு வில்லை. அதற்காக வருடா வருடம் வருகிறார்கள்.

வேடிக்கை பார்ப்பதற்கு என்றால் மிச்சிகனில் ஆசேபிள் மாரத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு கிரேலிங் ஊர்த் தெருவில் ஜோடி ஜோடியாகக் கனூவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடுவார்கள், ஊரே இரண்டு பக்கமும் நின்று கத்தும். அப்புறம் 120 மைல், ஆறு அணைகளைத் தாண்டி, ஹூரான் ஏரிக்கரையில் ஆஸ்கோடாவில் முடிப்பார்கள். கூட்டம் காரிலேயே பாலம் பாலமாகப் பின்தொடரும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் யார் முன்னால் என்பது கண்ணெதிரே தெரியும். சும்மா_பார்வை கேட்பது இதுதான்.

சும்மா_பார்வை

ஆமாம், இதுதான். டிக்கெட் போட்டுக் கொடுங்கள்.

மலைச்சரிவு

தென்னாப்பிரிக்காவை விட்டுவிட்டீர்களே. டூசி மாரத்தான், பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன், சுமார் 120 கிலோமீட்டர், மூன்று நாள். 1951இல் முதல் போட்டியில் எட்டுப் பேர் கிளம்பினார்கள், முடித்தது இயன் பிளேயர் ஒருவர்தான், ஆறு நாள் ஆனது, நடுவில் பாம்பு வேறு கடித்தது. அவர்தான் போட்டியைத் தொடங்கியவரும். பிற்பாடு வெள்ளைக் காண்டாமிருகங்களைக் காப்பாற்றியதற்காக உலகம் அறிந்த மனிதர் ஆனார்.

அங்கே போர்ட்டேஜ் என்றால் லாக்கைச் சுற்றி நூறு அடி இல்லை. வெயிலில் படகைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறி இறங்குவது. ஓடத் தெரியாதவன் ஜெயிக்க முடியாது. கூடவே வயிற்றுப்போக்கு, அதற்கு 'டூசி கட்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேல்பக்கத்து ஊர்க் கழிவு ஆற்றில் கலப்பதால் வருவது. அதனால்தான் கேட்கிறேன், தேம்ஸ் தண்ணீர் எப்படி? யாரும் பேசவில்லையே.

ஈரத்துணி_மூட்டை

நல்ல கேள்வி. மழைக்கு அப்புறம் இங்கேயும் கழிவுநீர் ஆற்றில் விடப்படுகிறது, அது ரகசியம் இல்லை. கூடவே எலிச் சிறுநீர் வழியாக வரும் லெப்டோஸ்பிரோசிஸ் இருக்கிறது, கால்வாய் ஓரத்தில் கையில் கொப்புளம் உடைந்த நிலையில் துடுப்பு போடுகிறவர்களுக்கு அதுவே முக்கியக் கவலை. கொப்புளத்தை நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுங்கள். சாப்பாடு கொடுக்கும்போது அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், உறையைப் பிரித்து நேராக வாயில். குடிக்கும் குழாயின் முனை படகின் அடித்தண்ணீரில் கிடக்கக் கூடாது. போட்டி முடிந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சல், உடம்புவலி வந்தால் மருத்துவரிடம் "ஆற்றில் இருந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆழம்_குறைவு

நான் எப்போதும் போலக் கணக்கோடு வருகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

கால்வாயில் ஏன் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மெதுவாகப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆழம் குறைந்த நீரில் அலை ஓடும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு 3.1 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி. படகின் வேகம் அந்த எல்லையை நெருங்கும்போது அது எழுப்பும் அலையே அதற்கு எதிரியாகிறது, பின்பக்கம் கீழே அமுங்கி, மேடு ஏறுவது போல உழைக்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் இன்னும் பலமாகத் துடுப்பு போட்டால் வேகம் கொஞ்சம்தான் கூடும், கை மட்டும் காலியாகும். நல்ல தேர்ச்சி உள்ள ஜோடி வேகமாக உந்தி அந்த எல்லையைத் தாண்டி அலையின் மேலே ஏறிவிடும், மற்றவர்கள் எல்லைக்குக் கீழேயே நிம்மதியாகப் போவதுதான் புத்திசாலித்தனம். சாதனை நேரம் 15 மணி 34 நிமிடம், 1979இல் வைத்தது, நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. போர்ட்டேஜ் எல்லாம் சேர்த்து சராசரி மணிக்கு 13 கிலோமீட்டர் வருகிறது. அது எந்த வகை வேகம் என்று இப்போது புரியும்.

அடுத்தது வாஷ், அதாவது படகு எழுப்பும் அலை. முன்னால் போகிற படகின் பக்கவாட்டு அலையில் சரியான இடத்தில் உங்கள் முனையை வைத்தால் உழைப்பு நன்றாகவே மிச்சமாகும். மாரத்தான் கயாக்கில் இது அனுமதிக்கப்பட்ட தந்திரம், முக்கியத் தந்திரமும்கூட. ஆனால் இரண்டு விரல் அளவு தள்ளி உட்கார்ந்தால் அலை உங்களை அவர்கள் மேலேயே தள்ளிவிடும். இதைப் பழகாமல் போட்டியில் முயற்சி செய்கிறவர்கள் நிறைய, அவர்கள் குளிப்பதும் நிறைய.

கரைவாசி

இத்தனை நாள் நான் ஓட்டினது கயாக்கே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சரி, நேரடியாகக் கேட்கிறேன். அடுத்த ஈஸ்டருக்கு ஒரு வருடம் இருக்கிறது. முடியுமா?

இரட்டைத்துடுப்பு

முடியும், மூன்று விஷயம் அமைந்தால்.

முதலாவது துணை. வேகத்தை விட முக்கியம், பசித்தால் எப்படிப் பேசுவார் என்பது. ஒரே அளவு பலம் இருக்கத் தேவையில்லை, ஒரே அளவு பிடிவாதம் இருந்தால் நல்லது. வாரத்தில் எந்தெந்த நாள் பயிற்சி என்பதில் ஆரம்பத்திலேயே ஒத்துப்போகவில்லை என்றால் ஜனவரிக் குளிரில் ஜோடி உடைந்துவிடும்.

அடுத்து படகு. பந்தயத்துக்கான இருவர் கயாக் ஆறரை மீட்டர் நீளம், இடுப்பு அகலத்துக்குக் கொஞ்சம் கூட, புதியவர் ஏறினால் உடனே உருளும். ஆசைப்பட்டு வேகமான படகு வாங்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு நிமிர்ந்து நிற்கிற படகு, ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் முதுகும் கண்ணும் சொன்ன பேச்சு கேட்காதபோது நிமிர்ந்து நிற்குமா என்பதுதான் கேள்வி. நிலையான படகில் மணிக்கு அரைக் கிலோமீட்டர் இழப்பீர்கள். ஒரு தடவை கவிழ்ந்து கரையேறி, தண்ணீரைக் கொட்டி, நடுங்கி, மறுபடி கிளம்புவதில் அதைவிட அதிகமாகப் போகும். கிளப்பில் சேருங்கள், படகு இரவல் கிடைக்கும், வழியும் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரியது போர்ட்டேஜ் பயிற்சி. இதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். 77 இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தால் ஒன்றே கால் மணி நேரம் கையில் இருக்கிறது. அந்த ஒன்றே கால் மணியைத் துடுப்பால் சம்பாதிக்க ஒரு வருடப் பயிற்சி போதாது. யார் முதலில் இறங்குவது, எந்தக் கையில் துடுப்பு, எந்தத் தோளில் படகு, எங்கே தண்ணீரில் வைப்பது என்று பேசாமலே நடக்கும் வரை பழகுங்கள். கால்வாய்க் கரைகள் சில இடத்தில் இடுப்பளவு உயரம், ஏறுவதற்கே முழங்கால் வேண்டும். ஓடுங்கள் தம்பி, படகு இல்லாத நாளில் ஓடுங்கள்.

நியூபரி கிளப் பிப்ரவரி, மார்ச்சில் வாட்டர்சைட் என்ற தொடர் போட்டிகள் நடத்துகிறது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீளம், கடைசியானது டிவைசஸ் – நியூபரி 34 மைல். அதை முடித்துவிட்டுக் கரையில் நிற்கும்போது "இன்னும் மூன்று மடங்கு பாக்கி" என்று நினைத்துப் பாருங்கள். அப்போதும் போகத் தோன்றினால் பெயர் கொடுங்கள்.

ஒற்றைப்படகு

மணிக்கட்டைப் பற்றியும் ஒரு வரி. துடுப்பை இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்குத்தான் தசைநாண் வீங்கும். தள்ளும் கையின் விரல்கள் ஒவ்வொரு வீச்சிலும் தளர வேண்டும், இழுப்பது தோளும் இடுப்பும் காலும். இது நல்ல பயிற்சியாளர் ஒரு மணி நேரம் பார்த்தால் திருத்திவிடும் விஷயம். அதைத் திருத்தாமல் மைல் கணக்கைக் கூட்டிக்கொண்டே போனால் மார்ச் மாதத்தில் கை கட்டோடு கரைக்குழுவில் சேருவீர்கள்.

அப்புறம் தேம்ஸில் ஒவ்வொரு லாக்குக்கும் பக்கத்தில் தண்ணீர் விழும் தடுப்பணை இருக்கிறது. ராத்திரியில் அதன் இரைச்சல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குழம்பும். எந்த லாக்கில் எந்தக் கரையில் இறங்குவது என்பதைப் பகலில் ஒரு தடவையாவது அந்தப் பகுதியை ஓட்டிப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். மழை அதிகமாகி ஓட்டம் பலத்தால் ஏற்பாட்டாளர்களே போட்டியைச் சுருக்குவார்கள் அல்லது நிறுத்துவார்கள், அப்போது கோபப்படாதீர்கள். தடுப்பணையின் வாயில் ஒரு படகு போவதை நேரில் பார்த்தவர்கள் யாரும் கோபப்படுவதில்லை.

பழைய_துடுப்பு

ஒற்றைப்படகோடு முழுக்க ஒத்துப்போகும் ஒரே இடம் இது.

ஈஸ்டரில் ஏன் நடத்துகிறார்கள், கோடையில் வைத்தால் குளிர் இருக்காதே என்று புதியவர்கள் கேட்பார்கள். விடுமுறை ஒரு காரணம். இன்னொரு வசதியும் தானாக அமைந்துவிடுகிறது. ஈஸ்டர் என்பது பௌர்ணமியை அடுத்து வரும் ஞாயிறு. எனவே மேகம் இல்லாத வருடத்தில் ராத்திரி தேய்பிறை நிலவு ஆற்றில் இருக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லண்டனில் கடல் ஏற்றம் பின்னிரவுக்கும் காலைக்கும் நடுவே வரும். சனி பகலில் கிளம்பி ஞாயிறு விடியலில் டெடிங்டன் சேருவதற்கு இதைவிடப் பொருத்தமான வாரம் கிடையாது.

கரைவாசி

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் கரை வேலை. இரண்டாவது காருக்கு என் தங்கையையும் இழுத்துவிட்டேன், அவளுக்கு இன்னும் முழு விவரம் சொல்லவில்லை. கிளப்பிலும் பெயர் கொடுத்திருக்கிறேன், அடுத்த வருடத்தைப் பற்றி ஈஸ்டருக்கு அப்புறம் பேசுவோம்.

கடைசியாக ஒன்று மட்டும். டெடிங்டனில் அவர்களை அனுப்பின பிறகு எங்களுக்கு என்ன வேலை?

ஈரத்துணி_மூட்டை

அனுப்புவதற்கு முன்னால் உள்ள வேலைதான் பெரிது. டெடிங்டனில் அவர்களை முழுசாகப் பாருங்கள், பேச்சு தெளிவாக இருக்கிறதா, நடக்கிறார்களா, சாப்பிட்டார்களா. அதற்குக் கீழே ஆறு அகலம், கரை பல இடங்களில் செங்குத்துச் சுவர், நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது, நீங்களும் கை கொடுக்க முடியாது. உலர்ந்த மேல்சட்டை மாற்ற வேண்டுமானால் அங்கேயே மாற்றிவிடுங்கள். ரிச்மண்டில் ஒரு தடுப்பு இருக்கிறது, ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம்தான் அதைத் தூக்கி வைப்பார்கள், மற்ற நேரத்தில் அங்கேயும் இறங்கிப் படகைத் தூக்க வேண்டும், அதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள், மறந்திருப்பார்கள்.

இறக்கத்தோடு போகிறவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். லண்டன் நடுவில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தால் முடிவைத் தவறவிடுவீர்கள். ஒருவர் கார்களோடு பின்னால் வரட்டும், ஒருவர் துணிமூட்டையோடு டெடிங்டனிலிருந்து ரயில் பிடித்து வாட்டர்லூவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். முடிக்கும் படிக்கட்டு பாராளுமன்றத்துக்கு எதிர்க்கரையில், பாலத்தின் அடியில். படியில் பாசி, அவர்கள் காலில் உணர்ச்சி இருக்காது, பின்னால் நின்று தாங்குங்கள். படகைத் தூக்க ஆள் வேண்டும், அவர்களால் முடியாது. காலணி, காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. தங்கைக்கும் சேர்த்து மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள், விவரத்தையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.